பதினெட்டாந்தேதி இல்லாத காலண்டர்

உக்காருங்க அண்ணாச்சி, பையை நான் மடியில வச்சுக்கிறேன். கடைசி சீட்டுக்குப் போகாதீங்க, சாத்தூர் தாண்டுற வரைக்கும் தூக்கித் தூக்கிப் போடும். என்ன, தெரிஞ்ச ஆளு மாதிரி சிரிக்கிறானேன்னு பாக்குறீங்களா? நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. எதிர்ல ஆளு வந்தா சிரிச்சிரணும், அது ஒரு பழக்கம். ஒன்றரை வருஷமாப் பழகுனது. சாயங்காலம் ஆச்சுன்னா இந்தத் தாடை ரெண்டும் வலிக்கும். வெந்நி ஒத்தடம் குடுத்துக்கிட்டு படுத்துருவேன்.

பேரு காளிராஜ். சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல பைண்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பசை தடவுற வேலையில சேந்து, இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்கு கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல வகுப்பு எடுக்கப் போறேன். ஆமா, நான்தான் வாத்தியார். 'வேலையிடத்தில் தலைமைப் பண்பும் நல்லெண்ணமும்'. எங்க சின்ன முதலாளி அனுப்பி வைக்கிறாரு. இது ஆறாவது இடம். ராத்திரி பூரா உக்காந்து எழுதுனேன், ஒரு வரியும் மனசுல நிக்க மாட்டேங்குது. நிக்கும், நிக்கும். நிக்காதுன்னு நெனைக்கக் கூடாது.

போன் அடிக்குதுல்ல? அடிக்கட்டும். காலையில இருந்து மூணாவது தடவை. வேற ஒரு பிரஸ் முதலாளி. எங்ககிட்ட வேலை பாத்த ஒரு பொம்பளையைப் பத்தி விசாரிக்கணுமாம். நான் ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே வேலைக்கு எடுத்துக்குவாராம். சொல்லலாம், அவசரம் என்ன. வகுப்பு முடியட்டும்.

தங்கபுஷ்பம்னு பேரு. நேத்து சாயங்காலம் எங்க பிரஸ் கேட்டுல வந்து நின்னா. மூணு மாசமா வீட்டுல தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுறா. விரல் பூராம் பசை. "அண்ணே, நாளைக்கு உங்களைக் கேப்பாக. எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்க, போதும்"னா. நானும் "கண்டிப்பா புஷ்பம்"னேன். சிரிச்சுத்தான் சொன்னேன். அவ சிரிக்கல. அவ என்னிக்குமே சிரிக்க மாட்டா, அதுதான் அவகிட்ட இருக்கிற குறை. குறைன்னு சொல்லக் கூடாது. வளர வேண்டிய பக்கம்.

அவ செக்கர். செக்கர்னா என்னன்னு தெரியுமா? வீட்டுச் சுவத்துல தினமும் ஒரு தாள் கிழிக்கிறீங்கள்ல, அந்தத் தாள்ல தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், அம்புட்டும் சரியா இருக்கான்னு வாசிச்சுப் பாக்குற ஆளு. பெரிய தாள்ல பதினாறு தேதியை மொத்தமா அடிச்சு, வெட்டி, வரிசையா அடுக்கி, அட்டையில ஒட்டுவோம். ஒரு எழுத்து மாறுச்சுன்னா அத்தனை ஆயிரம் சுவத்துலயும் மாறும். பத்தொம்போது வருஷம் அந்த வேலை பாத்தா. கண்ணாடி கெடையாது. ஒரு தடவை பிரதோஷம் ஒரு நாள் தள்ளி விழுந்ததை, ஓடுற மிஷின்ல இருந்து வெளிய வர்ற தாளைப் பாத்தே சொல்லிருக்கா. ஆனா வாய் இருக்கே! ஏதாவது கண்ணுல பட்டா அங்க இருந்தே கத்துவா, "மிஷினை நிறுத்துங்கடா"ன்னு. முதலாளி நின்னாலும் கத்துவா, சாமியே வந்து நின்னாலும் கத்துவா. நானே எத்தனையோ தடவை வாங்கிக் கட்டிருக்கேன்.

அப்பதான் சின்னவர் பொறுப்புக்கு வந்தாரு. போன வருஷம், ஆனிக் கடைசி. ஆடிப்பெருக்குக்கு, வர்ற வருஷத்து காலண்டர் மாதிரியெல்லாம் சேத்து புது ஆல்பம் போடணும், சீசன் தொடங்குற நேரம். எங்களை மாதிரி சூப்பர்வைசர் நாலு பேரை மதுரையில ஒரு ஓட்டலுக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு அனுப்புனாரு. கோட்டு போட்ட ஒரு ஆளு, கை தட்டித் தட்டிப் பேசுனாரு. காலையில அஞ்சு மணிக்கு எந்திரி, நன்றி சொல்ல வேண்டிய மூணு விஷயத்தை நோட்டுல எழுது, தினம் ஒருத்தரைப் பாராட்டு, யாரு மேலயும் விரல் நீட்டாதே, உன் வாயில இருந்து கெட்ட வார்த்தை வரக் கூடாதுன்னாரு. கெட்ட வார்த்தைன்னா நீங்க நெனைக்கிறது இல்ல. 'முடியாது', 'லேட்டு', 'பிரச்சினை', 'தப்பு'. பாருங்க, இப்பச் சொல்லும்போதே நாக்கு இழுக்குது.

எனக்கு அழுகையே வந்துருச்சு அண்ணாச்சி. நெசமாத்தான் சொல்றேன். இருவத்தெட்டு வருஷத்துல என்னை 'காளி, ஏய் காளி'ன்னுதான் கூப்பிட்டிருக்காங்க. அந்த ஆளு என்னைப் பாத்து, "நீங்க ஒரு தலைவர்"னாரு. எட்டாம் வகுப்பு படிச்சவனைப் பாத்து. ஏசி ரூம்ல, எல்லார் முன்னாலயும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து தூக்கமே வரல.

மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். காலையில எட்டரைக்கு செக்‌ஷன் பூரா வட்டமா நிக்கணும். ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் சொல்லணும், மத்தவங்க ரெண்டு தட்டு தட்டணும். யாரு நல்லாச் சொன்னாங்களோ அவங்களுக்கு சட்டையில ஒரு மஞ்ச நட்சத்திரம் ஒட்டுவேன். போர்டுல அந்த நாலு வார்த்தையையும் எழுதி சிவப்பு மையில அடிச்சு வச்சேன். அதுக்குப் பதிலா என்ன சொல்லணும்னா, 'இன்னும் நல்லாப் பண்ணலாம்'. அம்புட்டுதான். வெட்டுற மிஷின் கோணலா வெட்டுதா? கோணல்னு சொல்லாதே. "வெட்டை இன்னும் நல்லாப் பண்ணலாம்ணே"ன்னு சொல்லு. யோசனை இருந்தா எழுதி பெட்டியில போடு, சனிக்கிழமை நான் திறப்பேன்.

எல்லாரும் ஒரு வாரத்துல பழகிட்டாங்க. புஷ்பம் மட்டும் பழகல. மொத நாள் வட்டத்துல நின்னுக்கிட்டு, "நல்ல விஷயம் என்னத்தச் சொல்ல, நேத்து பசை புளிச்சுப் போச்சு"ன்னா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நான் அவளைத் தனியா கூப்பிட்டு, அதுதான் முறை, எல்லார் முன்னாலயும் சொல்லக் கூடாது, தனியா கூப்பிட்டு, "புஷ்பம், உன் குரல்ல சூடு இருக்கு, அது மத்தவங்களைச் சுடுது"ன்னேன். "அண்ணே, எனக்குக் கண்ணுக்குத்தான் சம்பளம், குரலுக்கு இல்ல"ன்னா. அப்புறம் சின்னவர்கிட்ட ஒரு வார்த்தை போட்டு வச்சேன். புகார் இல்ல, ஒரு தகவல். அவரு கூப்பிட்டு என்ன பேசுனாரோ தெரியாது. புஷ்பத்துக்குப் புருஷன் போய்ச் சேந்துட்டான், மக நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிறா, சம்பளம் வேணும்ல. மறுநாள்ல இருந்து பேச்சு அடங்கிருச்சு. வட்டத்துக்கு வருவா, "இன்னிக்கு மழை பெய்யல, நல்லது"ம்பா, போயிருவா. எனக்கு சந்தோஷம். ஒரு ஆளை மாத்திட்டோமேன்னு.

கார்த்திகை மாசம், சீசன் உச்சம். தேனிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு பன்னிரண்டாயிரம் காலண்டர். சாயங்காலம் நாலு மணி இருக்கும், மறுநாளைக்கு மிஷின் ஏறணும். புஷ்பம் கையில ஒரு தாளோட வேகமா வந்தா. "அண்ணே, தப்…"ன்னு வாயெடுத்தா. நான் விரலை இப்படித் தூக்குனேன். கோவமா இல்ல, சிரிச்சுக்கிட்டே. அவ நின்னா. போர்டுல அடிச்சு வச்ச வார்த்தையைப் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா, "ஆகஸ்ட் பதினெட்டை இன்னும் நல்லாப் பண்ணலாம்ணே."

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பத்தொம்போது வருஷமாக் கத்துன பொம்பளை! "அருமை புஷ்பம், நாளைக்கு வட்டத்துல எல்லார் முன்னாலயும் இதே மாதிரி சொல்லு"ன்னேன். "இல்லண்ணே, இப்பவே பாக்கணும், காலையில ஏத்திருவாக"ன்னு தாளை நீட்டுனா. "பதட்டம் வேண்டாம், பெட்டியில போட்டு வை"ன்னேன். நின்னுக்கிட்டே இருந்தா. அந்த நேரத்துல லோடு லாரி வந்துருச்சு, நான் போயிட்டேன்.

காலையில வட்டத்துல சொன்னா. சத்தமாத்தான் சொன்னா. "ஆகஸ்ட் பதினெட்டை இன்னும் நல்லாப் பண்ணலாம்." சொல்லிட்டு என் முகத்தையே பாத்தா. எல்லாரும் தட்டுனாங்க. ரெண்டு தட்டு இல்ல, நாலு தட்டு. நான் அவ தோள்ல நட்சத்திரம் ஒட்டுனேன். அவ அதைப் பிச்சு எடுக்கல. பின்னால மிஷின் ஓட ஆரம்பிச்சுருச்சு.

பெட்டியா? அந்த சனிக்கிழமை திறக்கல. லோடுக்கு மேல லோடு. அடுத்த சனிக்கிழமையும் திறக்கல.

பொங்கலுக்கு எனக்கு ஷீல்டு குடுத்தாரு சின்னவர். 'ஆண்டின் சிறந்த தலைவர்'. கீழ என் பையில இருக்கு பாருங்க, வகுப்புல காட்டுறதுக்கு. அந்த சீசன்ல எங்க செக்‌ஷன்ல ஒரு புகார்கூட வரலைன்னு மைக்ல சொன்னாரு. உண்மைதான் அண்ணாச்சி. ஒண்ணுகூட வரல. அதுக்கு முந்துன சீசன்ல இருவது முப்பது தடவை மிஷின் நின்னுச்சு, அந்த சீசன்ல ஒரு தடவைகூட நிக்கல.

காலண்டர்ல ஒரு விசேஷம் இருக்கு. யாரும் முன்கூட்டி புரட்டிப் பாக்க மாட்டாங்க. அன்னன்னிக்கு வந்தாத்தான் அந்தத் தாளைப் பாப்பாங்க. அதனால எட்டு மாசம் ஒண்ணும் தெரியல. இந்த ஆகஸ்ட்ல, பதினேழாந்தேதியை மறுநாள் கிழிச்சா, அடியில இன்னொரு பதினேழாந்தேதி. அதையும் கிழிச்சா பத்தொம்போது. பதினெட்டே கெடையாது. பன்னிரண்டாயிரம் வீடு. அந்த ஜவுளிக்கடைக்காரரை ஊரே கேலி பண்ணிருக்கு. "அண்ணாச்சி கடையில ஒரு நாளை அமுக்கிட்டாரு"ன்னு. ஒரு அம்மா மகனுக்குப் பொண்ணு பாக்க வரச் சொன்ன தேதியை விட்டுட்டு, கடை வாசல்ல வந்து ஏசியிருக்கு. கடைக்காரர் காரை எடுத்துக்கிட்டு நேரா சிவகாசிக்கு வந்துட்டாரு.

சின்னவர் என்னையும் புஷ்பத்தையும் ரூம்ல கூப்பிட்டு நிக்க வச்சாரு. "செக்கர்னு ஒரு ஆளு எதுக்கு இருக்கு?"ன்னு கேட்டாரு. புஷ்பம், "நான் சொன்னேன். காளிராஜ் அண்ணன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்"னா. அவரு என் பக்கம் திரும்புனாரு. "சொன்னாங்களா?"

நான் என்ன சொல்ல? யாரு மேலயும் விரல் நீட்டக் கூடாது. அவ சொல்லலைன்னு நான் சொல்லல. அண்ணாச்சி, எந்தக் கோயில்ல வேணாலும் சூடம் அடிச்சு சொல்றேன், அவ சொல்லலைன்னு நான் சொல்லவே இல்ல. சொன்னான்னும் சொல்லல. "சார், நடந்ததை விட்டுட்டு, இனிமே எப்படி நல்லாப் பண்ணலாம்னு பாப்போம்"னேன். அவருக்கு அது பிடிச்சுப் போச்சு. தலையை ஆட்டுனாரு. புஷ்பம் என்னைப் பாக்கவே இல்ல. அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க.

பயம்தான். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, பயந்துட்டேன். நாப்பத்தொம்போது வயசு. மறுபடி 'ஏய் காளி'ன்னு ஒருத்தன் கூப்பிட்டா என்னால தாங்க முடியாது. தாங்கிக்கலாம், பழகிக்கலாம், ஆனா… சரி விடுங்க.

அவ போற அன்னிக்கு சும்மா அனுப்ப மனசு வரல. வட்டம் போட்டேன். ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை புஷ்பத்தைப் பத்திச் சொன்னாங்க. நான்தான் அதிகம் சொன்னேன். கண்ணு கூர்மை, நேரம் தவற மாட்டா, பத்தொம்போது வருஷத்துல லீவு கம்மின்னு. எல்லாரும் தட்டுனோம். அவ முறை வந்தப்ப, டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். எனக்கு மனசு கஷ்டமாத்தான் போச்சு.

அடுத்த வாரம் அந்தப் பெட்டியைத் திறந்து பாத்தேன். மேலேயே கெடந்துச்சு அந்தத் தாள். ரெண்டாவது பதினேழு மேல சிவப்பு வட்டம், பக்கத்துல அவ கையெழுத்துல, 'பதினெட்டு இல்லை, மிஷின் ஏத்த வேண்டாம்'. கீழ தேதி, மணி, கையெழுத்து. நறுக்குன்னு. கிழிச்செல்லாம் போடல அண்ணாச்சி, நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. வீட்டுல பீரோவுக்குள்ள, வேட்டிக்கு அடியில பத்திரமா இருக்கு. காட்டி என்ன ஆகப் போகுது? சின்னவர் மனசு சங்கடப்படும். அவரு அனுப்புன ஆளை அவரே எப்படித் திரும்பக் கூப்பிடுவாரு?

ஆனா சிவகாசி சின்ன ஊரு. தேதியை விட்ட செக்கர்னு பேரு பரவிருச்சு. எந்த பிரஸ்லயும் சேத்துக்கல. மக இந்த வருஷப் பரீட்சையை எழுதிட்டு காலேஜை விட்டுறலாமான்னு யோசிக்கிறாளாம். இப்பத்தான் இந்த முதலாளி, சீசனுக்கு ஆளு கெடைக்காம, சரி விசாரிச்சுப் பாப்போம்னு இறங்கி வந்திருக்காரு. "அந்தம்மா முன்னாலேயே சொல்லிச்சா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியணும்"கிறாராம். அம்புட்டுதான் அவருக்கு வேணும்.

எனக்கு அலுத்துப் போச்சு அண்ணாச்சி. வெளிய சொல்லக் கூடாது. இப்ப செக்‌ஷன்ல யாரும் என்கிட்ட எதுவும் சொல்றதில்ல. புது செக்கர் பொண்ணு ஒண்ணு, இருவத்திரண்டு வயசு, எப்பக் கேட்டாலும் "சூப்பரா இருக்கு சார்"ங்குது. போன வாரம் வெட்டுற மிஷின் பிளேடு உடைஞ்சு கெடக்கு, "மிஷின் ஓய்வெடுக்குதுண்ணே"ங்கிறான் ஒருத்தன். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நானே ஒவ்வொரு தாளா எடுத்து வாசிச்சுப் பாக்குறேன். எனக்குப் பாக்கத் தெரியாது. எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நோட்டை எடுத்து வச்சா, நன்றி சொல்ல மூணு விஷயம் வர மாட்டேங்குது. நேத்து 'பல்லு வலி இல்லை'ன்னு எழுதுனேன். என் வீட்டுக்காரி ஒரு நாளு சொல்லிட்டா, "வீட்டுக்குள்ள வந்தா சிரிக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு"ன்னு. நல்லதுக்குத்தான் சொல்றா, புரியல அவளுக்கு.

மறுபடி அடிக்குது பாருங்க. அவருதான். நீங்க சொல்றதும் சரிதான், எடுத்துப் பேசிர்றேன். நல்லதைத் தள்ளிப் போடக் கூடாது. ஒரு நிமிஷம்.

வணக்கம் சார், வணக்கம்! காளிராஜ்தான். மன்னிக்கணும், பஸ் சத்தத்துல கேக்கல… ஆமா சார், புஷ்பம். பத்தொம்போது வருஷம் எங்ககிட்டதான்… தங்கமான பொம்பளை சார். நேரம் தவற மாட்டா. வளர்ந்துக்கிட்டே இருக்கிற ஆளு… அதுவா? அந்த ஆகஸ்ட் விஷயமா? சார், அதை நாங்க ஒரு பாடமா எடுத்துக்கிட்டோம் சார்… இல்ல சார், சொன்னாளா சொல்லலையான்னா… அதை அப்படி வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பாக்கக் கூடாது சார். ஒரு டீம்னு இருக்கும்போது எல்லாருக்கும் பங்கு இருக்கு… நான் யாரையும் குறை சொல்றவன் இல்ல சார்… இல்ல, இல்ல, சொல்லலைன்னு நான் சொல்லல… சரியாப் போச்சு, சொன்னான்னும் இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா, பழசை விட்டுட்டு முன்னால பாப்போம் சார்… ஓ. வேற ஆளு பாத்துக்கிறீங்களா? உங்க இஷ்டம் சார். நல்ல ஆளாக் கெடைக்கும் சார். இன்னிக்கு உங்களுக்கு நல்ல நாளா அமையட்டும்.

வச்சுட்டாரு.

கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க, அவளைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சா என் வாயில இருந்து? தங்கமான பொம்பளைன்னேன். நேரம் தவற மாட்டான்னேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்ல முடியும்? சாயங்காலம் அவகிட்டயும் சொல்லிருவேன், நல்ல விதமாத்தான் பேசியிருக்கேன் புஷ்பம், இதைவிட நல்லது ஏதாவது வரும்னு.

என்ன அண்ணாச்சி, எந்திரிச்சுட்டீங்க? பையை ஏன் வாங்குறீங்க, எனக்கு ஒண்ணும் பாரமில்ல. அந்தப் பக்கமா? அங்க வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். இங்கேயே உக்காருங்க, நிழலா இருக்கு. அண்ணாச்சி…